தறிக்கூடத்தில் இருந்த பவர் ஆம்ப்

எங்கள் ஊர் ஒலி-ஒளி அமைப்பாளர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. நான் வேலையை விட்டு ஓய்ந்த பிறகும் அதிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. மரியாதையா, மறதியா என்று நான் விசாரிக்கவில்லை. போன வாரம் அதில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். கறுப்பு மரப்பெட்டி, மூலைக்கு மூலை தகரம், முன்பக்கம் வரிசையாகக் குமிழ்கள். கீழே ஒரு கேள்வி: "இது இன்னா பீரோ? கிட்டாருக்குன்றாங்க. யாருக்காச்சும் தெரியுமா?"

சிரிப்பு பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. அவர்களைச் சொல்லி என்ன பயன்? இப்போது கிட்டார்காரர்கள் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு கருவியைக் கால்மாட்டில் வைத்து, நேராக மிக்ஸரில் செருகிவிடுகிறார்கள். நல்லதுதான். அந்த பீரோவைத் தூக்கி இறக்கின வலி என் இடுப்புக்குத் தெரியும். அது போனதற்காக நான் ஒரு நாளும் அழ மாட்டேன். ஆனால் கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும். கைபேசியில் அடித்துப் பார்த்தேன், விரல் ஒன்று அடித்தால் எழுத்து வேறொன்று விழுகிறது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

கிட்டார் கம்பிக்குக் கீழே இருக்கும் காந்தத்தில் பிறக்கிற ஒலி, ஒலி என்று சொல்லவே கூசும் அளவுக்குச் சின்னது. அதை முதலில் கையில் வாங்குவது ப்ரீ ஆம்ப். கரகரப்பா, இனிப்பா, மூக்கால் பாடுவதா, அடித்தொண்டையா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். ஆனால் ஸ்பீக்கரின் காகிதத்தைத் தள்ளும் தெம்பு அதற்குக் கிடையாது. அந்தத் தெம்பைக் கொடுப்பது பவர் ஆம்ப். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் சாதாரண ஆம்ப். தனித்தனியாக வாங்கி, நடுவில் எதிரொலிக் கருவி ஒன்றையும் சேர்த்து, இரும்புச் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி மாட்டினால் ரேக். படத்தில் இருக்கும் பீரோ அதுதான். என் முதலாளி கபார் பாய் இதை இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்: "ப்ரீ ஆம்ப் குணம். பவர் ஆம்ப் பலம்."

நான் நெசவாளர் வீட்டுப் பெண். பிள்ளையார்பாளையத்தில் தறிச்சத்தத்துக்கு நடுவே பிறந்து, தறியில் உட்காரப் பொறுமை இல்லாமல், தொழிற்பயிற்சி நிலையத்தில் ரேடியோ-டிவி மெக்கானிக் படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அங்கே படித்தது பாதி, கேலி கேட்டது பாதி. பிறகு கொஞ்ச காலம் வீடு வீடாகப் போய் டிவி பெட்டிகள் பார்த்தேன். ரயில்வே ரோட்டில் பாய் கடையில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்க்கவில்லை. கண்ணாடிக் குழல் வால்வுகள் வைத்த ஒரு பழைய ஆம்பை ஆன் செய்துவிட்டு, "இன்னா கேக்குது சொல்லுமா" என்றார். "முனகுது பாய். கீழ் ஸ்தாயில" என்றேன். "நாளைக்கு வா" என்றார். அவ்வளவுதான் என் நேர்முகத் தேர்வு.

பாய்க்கு அவசரம் ஆகாது. "ஜல்தி வேணாம்மா, மிசினு எங்கியும் ஓடாது" என்பார். எந்தப் பெட்டி வந்தாலும் மூடியைத் திறக்கும் முன் கொண்டுவந்தவரை உட்காரவைத்து டீ வரவழைப்பார். எங்கே வாசித்தீங்க, அப்போது மழையா, ஜெனரேட்டரா கரண்டா, யார் தூக்கி வந்தது என்று நிச்சயதார்த்தத்துக்குப் பெண் வீட்டார் விசாரிப்பதுபோல விசாரிப்பார். அதன்பிறகு கண்ணை மூடிக்கொண்டு பெட்டியைக் கேட்பார். ப்ரீ ஆம்பின் குமிழைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்புவார். இரைச்சல் நின்றால் குற்றம் ப்ரீ ஆம்பிலோ அதற்கு முன்னாலோ. நிற்காவிட்டால் பவர் ஆம்ப். பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டுவார். நோய்ப்பட்ட வால்வு தட்டினதும் கணீரென்று பதில் சொல்லும்.

வால்வு பெட்டிக்குள் உயிரை எடுக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும், ஒயரைப் பிடுங்கின பிறகும் போகாது. அதை முதலில் வடிக்க வேண்டும். வடித்த பிறகும் ஒரு கையால்தான் வேலை, இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும். முந்தானையை இடுப்பில் செருகி, இடது கையை அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டு நான் வேலை செய்வேன். இன்றைக்கும் அடுப்படியில் தாளிக்கும்போது இடது கை தானாகப் பின்னால் போய்விடுகிறது. என் மருமகள் இதைப் பார்த்து எனக்குக் கை வலியோ என்று கவலைப்படுகிறாள்.

இன்னும் இரண்டு சட்டங்கள். பவர் ஆம்பைக் கடைசியில் போடு, முதலில் அணை. ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு பவர் ஆம்பைப் போடவே போடாதே. ஏனாத்தூர் கல்லூரி மாணவர்கள் சிலர் விடுதியில் சத்தம் வரக்கூடாது என்று ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வாசித்தார்கள். சத்தம் வரவில்லை, புகைதான் வந்தது. பாய் அவர்களைத் திட்டவில்லை. எரிந்த டிரான்ஸ்பார்மரை மோந்து பார்க்கச் சொல்லி ஆளுக்கு ஆள் நீட்டினார்.

மதிய நேரத்தில் ரயில்வே ரோடு ஓய்ந்துகிடக்கும். பாய் விளக்கை அணைத்துவிட்டு, சரிசெய்த பெட்டிகளை மட்டும் ஓடவிடுவார். இருட்டில் வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்து வரும். மெல்லிய ஒரு 'ம்' கடை முழுக்க நிறையும். அதில் கண்ணை மூடினால் தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் எங்கேயோ மிதப்பதுபோல இருக்கும். இப்போதும் மதியம் தலை சாய்த்தால் எனக்கு முதலில் கேட்பது அந்த 'ம்'தான்.

அந்தக் காலத்தில் எங்களைப் படாதபாடு படுத்தியது தேவராஜின் பெட்டி. தேவராஜ் பகலில் பட்டு நெசவு, சாயங்காலம் மாணிக்கம் நடத்திய மெல்லிசைக் குழுவில் கிட்டார். தானே கேட்டுக் கேட்டுப் பழகியவர். தறியைத் தவிர அவருக்கு வெளியுலகம் என்று இருந்தது அந்தக் குழு மட்டும்தான். அவருடைய ரேக் பாய் கையால் கோத்துக் கொடுத்தது. மேலே ப்ரீ ஆம்ப், நடுவில் எதிரொலி, அடியில் ஃபேன் வைத்த வால்வு பவர் ஆம்ப்.

அது அடிக்கடி மேடையில் வெடிக்கும். நெருப்பில்லை, புகையில்லை. சடசடவென்று பொரிந்து, டமால் என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல அழகாகப் பாடும். கடைக்குக் கொண்டுவந்தால் நாள் முழுக்க ஓடவிட்டாலும் பூனைக்குட்டி மாதிரி இருக்கும். பாய் வால்வுகளை மாற்றினார். வால்வு உட்காரும் சாக்கெட்டுகளைப் புதிதாகப் பற்றவைத்தார். எங்கள் கடை வழக்கப்படி மூடியைத் திறந்ததும் முதல் வேலை ஊதுகுழலால் தூசியை ஊதித் தள்ளுவது; அதையும் ஒவ்வொரு தடவையும் செய்தோம். கொஞ்ச காலம் நன்றாக இருக்கும். மறுபடியும் டமால்.

ஒரு நாள் மாணிக்கமே கடைக்கு வந்தார். கூடவே தேவராஜ், ரேக்கின் மேல் கை வைத்தபடி.

"பாய், தேவராஜு கை தங்கம். அத நான் இல்லன்னு சொல்லல. ஆனா மால மாத்திக்கினு இருக்கிற நேரத்துல டமால்னா பொண்ணு வூட்டுக்காரங்க இன்னா நெனப்பாங்க? வர்ற கருட சேவைக்கு நம்ம கச்சேரி. அன்னிக்கு ஒரு வாட்டி வெடிச்சாலும் நான் வேற ஆளப் பாத்துக்குவேன். சொல்லிட்டேன்."

மாணிக்கம் போன பிறகும் தேவராஜின் கை அந்தப் பெட்டியின் மேலேயே இருந்தது. எனக்கு மாணிக்கத்தின் மேல் கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

பாய் டீயைக் குடித்து முடித்தார். "கடைக்கு வந்தா நல்லா ஆயிடுதுமா அது. டாக்டர கண்டா சொரம் எறங்குற மாதிரி. நீ அது குடியிருக்கிற எடத்துக்கே போய்ப் பாரு. அங்கியே தொற" என்றார்.

போனேன். காலை நேரம். தேவராஜின் ரேக் தறிக்கூடத்தில், குழித்தறிக்குப் பக்கத்திலேயே இருந்தது. தறியில் அவர் மனைவி சரசு. உள் அறையில் படுத்த படுக்கையாக அவள் மாமனார். அவரைத் திருப்பிப் போட, கஞ்சி கொடுக்க ஆள் எப்போதும் வேண்டும்; அதனால் சரசு வீட்டை விட்டு வெளியே போய் ரொம்ப காலம் ஆகிவிட்டது. கணவர் மேடையில் வாசித்து அவள் பார்த்ததே இல்லை.

"எனக்குக் கச்சேரின்னா இதாங்க்கா" என்று கண்ணால் ரேக்கைக் காட்டினாள். "நான் நெய்ஞ்சிக்கினு இருப்பேன், அவரு பக்கத்துல ஒக்காந்து வாசிப்பாரு."

பவர் ஆம்பை வெளியே இழுத்து, தேங்கியிருந்ததை வடித்து, மூடியைத் திறந்தேன். கூரையின் கண்ணாடி ஓடு வழியாக வெயில் நேராக உள்ளே விழுந்தது. ஃபேன் இழுத்துப் போட்ட பட்டுப் பிசிறு சாம்பல் நிறப் பஞ்சாக வால்வுகளின் காலடியில் படிந்திருந்தது. அதற்குள்ளே என்னவோ மினுங்கியது. அழகாகத்தான் இருந்தது. வழக்கம்போல ஊதிவிடலாம் என்று குனிந்தேன்.

சரசு தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "அட, இது நம்ம மாங்கா புட்டா ஜரிகை. சேலைக்குப் பின்னால தொங்குற இழைய கத்திரிச்சி விடுறதுல்ல? எல்லாத்துலயும் போய் ஒக்காந்துக்குதுக்கா. சோத்துல கூட வரும்."

ஊத எடுத்த மூச்சு அப்படியே நின்றுவிட்டது.

ஜரிகையில் பட்டு இழையின் மேல் சுற்றியிருப்பது வெள்ளி. வெள்ளியைப்போல மின்சாரத்தை ஓடவிடும் உலோகம் வேறில்லை. பரீட்சையில் இதை எழுதி நான் மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் எங்கள் தெருவில் பிறந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஜரிகை என்றால் நூல் என்பார்கள். முடியில் ஒட்டியிருக்கும், பாயில் கிடக்கும், குழந்தையின் கன்னத்தில் இருக்கும். அதை உலோகம் என்று நினைக்க வேறு ஊரில் பிறந்திருக்க வேண்டும். பாய் வேறு ஊர்க்காரர்தான். ஆனால் அவர் பார்க்கும் முன்னால் எங்கள் ஊதுகுழல் அதை ஒவ்வொரு தடவையும் வெளியேற்றிவிட்டது.

இடுக்கியால் ஒரு துண்டை எடுத்து மீட்டரின் இரண்டு முனைகளையும் அதில் வைத்தேன். மீட்டர் 'பீ' என்றது. சரசு சிரித்தாள். "பாடுதே."

பிறகு எல்லாம் தானாக விளங்கியது. வீட்டில் பஞ்சோடு பஞ்சாகக் கிடக்கும். ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு மேடைக்குப் போகும்போது நழுவி வால்வின் இரண்டு காலுக்கு நடுவே பாலம் போடும். சடசட, டமால். அந்தக் கணத்திலேயே எரிந்து ஆவியாகிவிடும். குற்றவாளி தன்னையே கொளுத்திக்கொண்டால் எந்த மெக்கானிக் கண்டுபிடிப்பான்?

வெளியிலிருந்து வந்த தேவராஜிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் தறியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "அப்ப இங்க வைக்கக் கூடாதா?"

"கூடாதுங்க. ஃபேனு இந்த அறைக் காத்தத்தான் இழுக்குது."

"அப்ப நான் குழுவ வுட்டுடறேன். பொட்டி இங்கியே இருக்கட்டும். வெடிச்சா வெடிக்குது."

"பைத்தியமா ஒங்களுக்கு?" என்றாள் சரசு. அவள் ஏற்கெனவே தறியில் இறங்கிவிட்டிருந்தாள். "எடுத்துக்கினு போங்கக்கா. கடையிலயே வெச்சிக்கங்க." அதற்குப் பிறகு தறிப் பலகையை அவள் அடித்த அடி வேறு மாதிரி இருந்தது. நெசவாளி வீட்டில் பிறந்தவளுக்கு அந்தச் சத்தம் புரியும்.

ரேக் கடைக்கு வந்தது. கருட சேவையும் வந்தது. பெருமாள் எங்கள் மேடை இருந்த வீதிக்குத் திரும்பும் முன்பே வாத்தியங்கள் அடங்க வேண்டும், அது வழக்கம். தேவராஜ் பவர் ஆம்பை முதலில் அணைத்தார். குடையும் தீவட்டியும் கூட்டமும் கனவில் போவதுபோல எங்களைக் கடந்து போயின. மறுபடி ஒவ்வொன்றாகப் போட்டு, கடைசியில் பவர் ஆம்ப். நான் மேடைக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒன்றும் வெடிக்கவில்லை. கிட்டார் பாடியது. மாணிக்கம் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

எங்கள் வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் தேவராஜ் மதியத்தில் கடைக்கு வந்து ரேக்குக்கு முன்னால் உட்காருவார். வாசிக்க மாட்டார். ஒரு நாள் எழுந்து நின்று, "பாய், நான் இத வூட்டுக்கு எடுத்துக்கினு போறேன். மாணிக்கண்ணன்கிட்ட வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடறேன். அவ தறிய மிதிக்கிறா, சேலையும் நெய்யிறா, ஆனா ஒரு வார்த்த பேசறதில்ல" என்றார்.

பாய் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். ஃபேனுக்கு முன்னால் பஞ்சு வடிகட்டி வைத்துப் பார்த்தோம். பட்டுப் பிசிறு அதை அடைத்துக்கொண்டு பெட்டி கொதித்தது. "அதுக்குக் காத்து வேணும்மா. மூக்க அடச்சா எப்படி?" என்று கைவிட்டார். அன்றைக்கு மதியம் விளக்கணைத்த கடையில் மேசைமேல் தலை வைத்திருந்தேன். வால்வுகள் சிவந்திருந்தன. குணம், பலம், குணம், பலம் என்று தூக்கக் கலக்கத்தில் மனசு ஆடிக்கொண்டிருந்தது. ஃபேன் பலத்துக்கு மட்டும்தானே இருக்கிறது? தேவராஜின் கைக்கு வேண்டியது ப்ரீ ஆம்ப். சரசுவின் காதுக்கு வேண்டியது ஸ்பீக்கர். நடுவில் இருக்கிற பவர் ஆம்பை யாருமே பார்க்க வேண்டியதில்லை.

எழுந்து, அதை மட்டும் வேறு அறையில் வைக்கலாம் என்று பாயிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. அந்த ரேக்கை ஒன்றாகக் கோத்தது அவராயிற்றே. "ஸ்பீக்கர் ஒயரு ரூமு தாண்டிப் போவும். யாராச்சும் கால் தட்டி புடுங்கிச்சின்னா டிரான்ஸ்பார்மரு காலி. ஏனாத்தூர் பசங்க கத மறந்துட்டியா?" நியாயமான பயம். "சுவத்துல தொள போட்டு, மேலாப்ல கொண்டு போலாம் பாய். தடிமனான ஒயரு. முனையில பிளக்கு வேணாம், திருகி மாட்டிடலாம்" என்றேன். அவர் கண்ணை மூடினார், பெட்டியைக் கேட்பதுபோல. பிறகு துளைபோடும் மிசினை எடுத்துப் பையில் வைத்தார்.

மறுநாள் காலை தேவராஜ் வீட்டுக்குப் போனோம். மாமனார் படுத்திருந்த உள் அறைதான் கிடைத்த இடம். நாங்கள் தயங்கினோம். தேவராஜ் குனிந்து அவர் காதில் கத்தினார்: "நைனா, இது இங்க ஓடும், சத்தம் போடும்." பெரியவர் கையை ஆட்டினார். "எனக்கெங்கடா காது கேக்குது? வையி. காலாண்ட வையி, சூடா இருக்கும்." பவர் ஆம்ப் அவர் கால்மாட்டில் குடியேறியது. ப்ரீ ஆம்பும் எதிரொலியும் மூடி போட்ட சின்னப் பெட்டியில் தறிக்குப் பக்கத்தில். ஸ்பீக்கர் பழைய இடத்தில். கச்சேரி நாளில் மட்டும் எல்லாவற்றையும் ரேக்கில் திருகி எடுத்துப் போக வேண்டும், வந்ததும் மறுபடி பிரிக்க வேண்டும். தேவராஜ் அதற்குத் தலையாட்டினார்.

வரிசைப்படி போட்டோம். தேவராஜ் வாசித்தார். முதலில் கல்யாணங்களில் வாசிப்பதுபோலத் துள்ளலாக ஒன்று. சரசு நெய்துகொண்டே தலையை ஆட்டினாள். நடுவில் பாவு இழை ஒன்று அறுந்தது. அவள் தறியை நிறுத்திக் குனிந்து அதைப் பிணைக்க ஆரம்பித்தாள். தேவராஜ் அதைக் கவனிக்காமல் அடுத்ததற்குப் போயிருந்தார். மிக மெதுவாக, விரல் கம்பியைத் தொடுவதா வேண்டாமா என்பதுபோல ஒரு ராகம். பக்கத்தில் நின்ற எனக்கே மூச்சை அடக்கினால்தான் கேட்டது.

சரசு நிமிர்ந்தாள். கையில் இழை அப்படியே இருந்தது.

"இது இன்னா?"

"எப்பவும் கடைசியா வாசிக்கிறதுதான்" என்றார் தேவராஜ்.

"எப்பவுமா?"

"ஆமா. கல்யாணமான புதுசுல இருந்து. ஒனக்குன்னு வாசிக்கிறது. நீ கேட்டுக்கினுதான் இருக்கன்னு நெனச்சேன்."

சரசு அவரையே பார்த்தாள். "ஃபேன் இங்க இருந்தப்ப அந்தச் சத்தம்தான் கேட்டுச்சி எனக்கு. தறிச் சத்தம் வேற. நீங்க வாசிச்சி முடிச்சிட்டு சும்மா ஒக்காந்துக்கினு இருக்கீங்கன்னு நெனச்சேன்."

பாய் மிசினைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய், என்னையும் வரச்சொல்லி சைகை காட்டினார். நான் போகவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எதற்கு அழுதேன் என்று அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த மெல்லிய ஒலி இத்தனை வருஷம் ஒரு கை தூரத்தைத் தாண்ட முடியாமல் அந்த அறையிலேயே கிடந்திருக்கிறது என்பது தாங்கவில்லை.

"மறுபடி வாசிங்க" என்றாள் சரசு. அவர் வாசித்தார். முடிந்ததும் மறுபடி கேட்டாள். அறுந்த இழையை அவள் பிணைக்கவே இல்லை. மதியம் வரைக்கும் அந்தத் தறி ஓடவில்லை.